இன்சுலின் பம்பும் திரும்பப் பெறும் அறிவிப்பும்

(ஊராட்சி ஒன்றிய வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

நம் கிராமங்களில் இயந்திர சாதனங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. கவலை இறைத்த கிணறுகளில் மின்சார மோட்டார் ஓடுகிறது. மருந்து தெளிக்கவும், நாற்று நடவும், கதிர் அறுக்கவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இவற்றை வாங்கும் உழவர்கள் ரசீதைக் கேட்டுப் பெறுகிறார்கள். மோட்டாரின் எண்ணைக் குறித்து வைக்கிறார்கள். விதை மூட்டையில் தைத்திருக்கும் சான்று அட்டையைப் பயிர் முளைத்து வரும் வரையில் பத்திரப்படுத்துகிறார்கள். விதை முளைக்காமற்போனால் அந்த அட்டையிலுள்ள குவியல் எண்ணைக் கொண்டே குறை எங்கே நேர்ந்தது என்று அதிகாரிகள் கண்டறிய முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த நல்ல பழக்கம் விதைக்கும் மோட்டாருக்கும் மட்டுமே உரியதன்று. உடலோடு ஒட்டியிருந்து உயிரைக் காக்கும் சாதனங்களுக்கு அது இன்னும் அவசியமாகும். அத்தகைய சாதனங்களுள் ஒன்று, நீரிழிவு நோயாளிகள் அணியும் இன்சுலின் பம்பு. அது எவ்வாறு வேலை செய்கிறது, அதில் என்ன பழுது நேரக்கூடும், பழுது கண்ட சாதனத்தை நிறுவனம் திரும்பப் பெறும் முறை யாது, நம் கிராமத்தில் நாம் செய்ய வேண்டுவது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

நீரிழிவும் இன்சுலினும்

சர்க்கரை வியாதி என்று நாம் வழங்கும் நீரிழிவு, இன்று பட்டணத்து நோயாக மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது என்று அது மதிப்பிட்டது. இவர்களில் பலர் உணவுக் கட்டுப்பாட்டினாலும் மாத்திரையினாலும் நோயை அடக்கி வாழ்கிறார்கள்.

ஆனால் வேறொரு வகையினரும் உண்டு. அவர்களுடைய கணையம் இன்சுலினை அறவே சுரப்பதில்லை. இது முதல் வகை நீரிழிவு எனப்படும். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இது பெரும்பாலும் வருகிறது. பெற்றோர் செய்த தவறோ, அதிகமாக இனிப்புத் தின்றதோ இதற்குக் காரணமன்று. இவர்களுக்கு இன்சுலின் மருந்து மட்டுமன்று; சோறும் தண்ணீரும் போல நாள்தோறும் வேண்டிய பொருளாகும். 1921-இல் கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழியைக் காண்பதற்கு முன்னர், இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிதாயிருந்தது. 1922 ஜனவரியில் முதன்முறையாக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அன்று தொட்டு இந்நோய் பேணி வாழத்தக்கதாயிற்று.

பம்பு வேலை செய்யும் விதம்

ஊசி போட்டுக் கொள்பவர் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை குத்திக்கொள்ள வேண்டும். பம்பு அணிந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி அது. அதனுள் இன்சுலின் நிரப்பிய குப்பி ஒன்று இருக்கும். சிறிய மோட்டார் ஒன்று குப்பியின் அடிப்பாகத்தை மிக மெதுவாகத் தள்ளிக் கொண்டே இருக்கும். மருந்து மெல்லிய குழாய் வழியாகச் சென்று, வயிற்றுத் தோலின் கீழ்ச் செருகிய மென்குழலின் மூலம் உடலில் சேரும். குழாயையும் மென்குழலையும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பகலிலும் இரவிலும் சிறிது சிறிதாக ஓடுவது அடிப்படை அளவு. உணவு உண்ணும்போது பொத்தானை அழுத்திச் சேர்த்துக் கொள்வது உணவு அளவு. சொட்டு நீர்ப் பாசனத்தில் நாளெல்லாம் துளித்துளியாக நீர் விடுவதையும், வேண்டியபோது ஒரு தண்ணீர் பாய்ச்சுவதையும் நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும்.

ஆயினும் பாசனத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வயலில் ஒரு குடம் நீர் கூடினாலும் குறைந்தாலும் பயிர் தாங்கிக் கொள்ளும். பம்பில் ஓடும் இன்சுலின் ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட் வலிமை உடையது. அதன் ஒரு துளியில் ஏறக்குறைய 5 யூனிட் அடங்கியிருக்கும். சிறு குழந்தை ஒன்றுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 10 யூனிட் போதுமானதாயிருப்பதுண்டு. அதாவது இரண்டு துளி! 3 மில்லி லிட்டர் கொள்ளும் குப்பியில் 300 யூனிட் இருக்கிறது. இத்தனை வலிமையுள்ள மருந்தைத் துளியின் சிறு பங்காக அளந்து விடும் சாதனம் எவ்வளவு நுட்பமாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

பம்பின் பழுதுகள் எத்தனை விதமாயினும் அவற்றின் விளைவு இரண்டே. ஒன்று, மருந்து செல்லாமல் நின்றுபோவது. மற்றொன்று, தேவைக்கு மேல் சென்றுவிடுவது.

பம்பில் விரைவில் வேலை செய்து விரைவில் ஓய்ந்துவிடும் இன்சுலின் மட்டுமே ஓடுகிறது. உடலில் அதன் சேமிப்பு சில மணி நேரத்துக்கே வரும். ஆகவே குழாய் அடைபட்டாலும், குப்பி இடம் பெயர்ந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் சில மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கும். பிறகு கீட்டோன் என்னும் நச்சுத்தன்மை கொண்ட அமிலங்கள் சேரும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், மூச்சில் பழ வாடை ஆகியவை இதன் அறிகுறிகள். வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் கைமருந்து கொடுத்துக் காலத்தைப் போக்கினால் உயிருக்கே மோசம் நேரும்.

மருந்து கூடிவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், இறுதியில் மயக்கம் உண்டாகும். நினைவு உள்ளபோதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கலந்து குடிக்கச் செய்து, கால் மணி நேரத்துக்குப் பின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பம்பை நிறுத்தி அல்லது குழாயை உடலிலிருந்து கழற்றி, 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

கடையாணி போன்ற ஒரு வளையம்

பழுது எவ்வாறு நேருகிறது, அது எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒன்றை விரிவாகக் கூறுவோம். மெட்ரானிக் நிறுவனம் மினிமெட் 630ஜி, 670ஜி என்ற பெயருள்ள பம்புகளை விற்றது. குப்பி அசையாமல் இருப்பதற்காக அதன் வாயிலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வளையம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மாட்டு வண்டியில் சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணியைப் போன்றது அது. பம்பு கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ சில பம்புகளில் அவ்வளையம் உடைந்தது, அல்லது கழன்று விழுந்தது.

வளையம் போனபின் குப்பி சரியாகப் பூட்டிக் கொள்ளாது. குப்பிக்கும் அதனைத் தள்ளும் தண்டுக்கும் இடையே இடைவெளி விழுந்தால் மருந்து குறையும். குழாய் உடலில் மாட்டியிருக்கும் நிலையிலேயே குப்பியைக் கையால் மீண்டும் உள்ளே அழுத்தினாலோ, பிச்சுக்காங்குழல் போல மருந்து மொத்தமாக உடலில் பாய்ந்துவிடக் கூடும். கடையாணி சிறியதுதான், ஆனால் அது இல்லாத வண்டி எங்கே குடை சாயும் என்று யார் சொல்ல முடியும்?

2019 நவம்பரில் நிறுவனம் பம்பு வைத்திருப்போருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் இதனை மிகக் கடுமையான முதல் வகுப்பு அறிவிப்பாக வெளியிட்டது. அப்போது சம்பந்தப்பட்ட பம்புகள் 3,22,005. வந்து சேர்ந்திருந்த புகார்கள் 26,421. தீங்கு நேர்ந்ததாகத் தெரிவிக்கப்பட்டவை 2,175, மரணம் ஒன்று. தீங்குகள் ஒவ்வொன்றுக்கும் வளையமே காரணம் என்று தனித்தனியே நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது. ஆயினும் இத்தனை புகார்கள் ஒரே இடத்தைச் சுட்டிக் காட்டியபின் நிர்வாகம் வாளாவிருக்கவில்லை. 2021 அக்டோபரில் அறிவிப்பு மேலும் விரிவாயிற்று. வளையம் உடைந்திருந்தாலும் உடையாவிட்டாலும், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், பழைய வளையமுள்ள பம்புகளுக்குப் பதிலாகத் திருத்திய கறுப்பு வளையமுள்ள பம்புகளை இலவசமாகத் தருவதாக நிறுவனம் அறிவித்தது.

ஒரு பம்பு உடைந்தால் உடையவரின் கவனக்குறைவு என்று தோன்றும். இருபதினாயிரம் பேர் அதே வளையத்தைப் பற்றி எழுதும்போதுதான் குறை வடிவமைப்பில் உள்ளது என்பது புலப்படும். ஒவ்வொருவரும் ‘நம்முடையதுதான் உடைந்தது’ என்று எண்ணிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் இந்த உண்மை வெளிவந்திராது.

கணக்கிலும் மின்கலத்திலும் நேர்ந்த பிழைகள்

இக்காலத்துப் பம்புகள் கைப்பேசியோடு இணைந்து வேலை செய்கின்றன. ஆகவே உறுப்பு உடையாமலே பழுது நேருகிறது. 2023 டிசம்பரில் இன்சுலெட் நிறுவனம் தன் ஆம்னிபாட் 5 பம்புக்குரிய கைப்பேசிச் செயலியில் ஒரு பிழை இருப்பதாக அறிவித்தது. அளவை எழுதும்போது முதலில் பூஜ்யம் இடாமல் புள்ளியிலிருந்து தொடங்கினால் அந்தப் புள்ளி பதிவாகவில்லை. அரை யூனிட் வேண்டுமென்று புள்ளி ஐந்து எழுதியவருக்கு அது 5 யூனிட்டாகக் கணக்காகும். பத்து மடங்கு! புள்ளிக்கு முன் பூஜ்யத்தை எழுதவும், மருந்தைச் செலுத்துமுன் திரையில் தெரியும் அளவை மீண்டும் ஒரு முறை படித்துப் பார்க்கவும் நிறுவனம் கேட்டுக் கொண்டது.

2024-இல் டாண்டம் நிறுவனத்தின் செயலியில் வேறொரு பிழை கண்டறியப்பட்டது. அச்செயலி நின்று நின்று மீண்டும் இயங்கியமையால் பம்புக்கும் கைப்பேசிக்கும் இடையே ஓயாமல் செய்தி ஓடி, பம்பின் மின்கலம் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே தீர்ந்தது. பம்பு நின்றது, மருந்தும் நின்றது. 2024 ஏப்ரல் நடுப்பகுதி வரையில் 224 பேருக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. மரணம் எதுவும் இல்லை. இதற்குப் பரிகாரம் பம்பைத் திருப்பி அனுப்புவதன்று. செயலியின் திருத்திய பதிப்பைக் கைப்பேசியில் ஏற்றிக் கொள்வதேயாகும்.

மூன்றாவது வகை, திறந்து கிடக்கும் கதவைப் போன்றது. மெட்ரானிக் நிறுவனத்தின் பழைய பம்புகள் சிலவற்றுக்குத் தொலைவிலிருந்து இயக்கும் கருவி ஒன்று தரப்பட்டது. அதன் வானொலிச் சமிக்ஞையை அருகிலுள்ள வேறொருவர் பதிவு செய்து மீண்டும் அனுப்பி, பம்பை இயக்க முடியும் என்பது தெரிய வந்தது. இதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி இல்லை. ஆயினும் 2018-இல் எச்சரித்து, 2021-இல் அக்கருவிகள் யாவற்றையும் உபயோகிப்பதை நிறுத்தித் திருப்பி அனுப்புமாறு நிறுவனம் கேட்டுக் கொண்டது. திருட்டு நடந்த பின்னர்தான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும் என்பதில்லை அல்லவா?

திரும்பப் பெறுதல் என்பதன் பொருள்

‘திரும்பப் பெறுகிறார்கள்’ என்ற செய்தியைக் கேட்டவுடன் இரண்டு தவறான எண்ணங்கள் எழுவதுண்டு. அந்தச் சாதனமே பொல்லாதது, உடனே கழற்றி எறிய வேண்டும் என்பது ஒன்று. நமக்கு இதுவரை ஒன்றும் நேரவில்லையே, ஏன் கவலைப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஆபத்தானவை.

மேலே கண்ட நிகழ்ச்சிகளில் பரிகாரம் ஒவ்வொன்றிலும் வேறாக இருந்ததைக் கவனியுங்கள். ஒன்றில் பம்பையே மாற்றினார்கள். ஒன்றில் செயலியைத் திருத்தினார்கள். ஒன்றில் எழுதும் முறையை மாற்றச் சொன்னார்கள். ஒன்றில் துணைக் கருவியை மட்டும் நிறுத்தினார்கள். ஆகவே அறிவிப்பு வந்தால் அதனை முழுமையும் படித்து, அது நம் சாதனத்தின் எண்ணுக்குப் பொருந்துமா, என்ன செய்யச் சொல்கிறது என்று அறிய வேண்டும். வேறு இன்சுலின் ஏற்பாடு கைவசம் இல்லாமல் பம்பைக் கழற்றிவிடுவது, பழுதான பம்பை அணிந்திருப்பதைப் போலவே கேடு விளைக்கும்.

அமெரிக்காவில் இவ்வறிவிப்புகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். கடுமையான தீங்கோ மரணமோ நேரக்கூடும் என்பது முதல் வகுப்பு. தற்காலிகமான அல்லது குணமாகக்கூடிய தீங்கு இரண்டாவது. தீங்கு நேர்வது அரிது என்பது மூன்றாவது. குறையை அறிவிப்பது நிறுவனத்துக்கு அவமானமன்று. எந்த நாட்டில் அறிவிப்பே வருவதில்லையோ, அங்கே சாதனங்கள் யாவும் செம்மையாக உள்ளன என்று கொள்வதைவிட, குறைகள் எவர் காதிலும் விழவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

நம் நாட்டின் ஏற்பாடு

மருத்துவ சாதனங்கள் நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இதற்கென்று 2017-இல் தனி விதிகள் இயற்றப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. முதலில் குறிப்பிட்ட சில சாதனங்களே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவ சாதனங்களும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஆபத்தின் அளவை ஒட்டி ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள் உண்டு. சாதனத்தின் மேலுறையில் உற்பத்தியாளர் பெயர், தொகுதி எண் அல்லது வரிசை எண், இறக்குமதிப் பொருளாயின் உரிம எண் முதலியவை இருத்தல் வேண்டும். தன் சாதனத்தால் மக்களின் உடல்நலத்துக்குத் தீங்கு நேரக்கூடும் என்று கருதும் உரிமதாரர் அதனைத் திரும்பப் பெற நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர்.

சாதனங்களால் நேரும் தீங்குகளைத் திரட்டி ஆராய்வதற்காக 2015 ஜூலையில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்திலுள்ள காஸியாபாத் நகரில் இயங்கும் இந்தியன் பார்மகோபியா கமிஷன் இதனை நடத்துகிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதன் கண்காணிப்பு மையங்கள் உள்ளன. மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் அவர் வீட்டாரும் கூடத் தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற எண்ணுக்குச் செலவின்றித் தொலைபேசி மூலம் பேசலாம். பம்புக்கு மட்டுமன்று, வீட்டில் சர்க்கரையைச் சோதிக்கும் கருவி, அதில் செருகும் பட்டை, ஊசி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

அறிவிப்பு எட்டாத வீடு

எங்கள் ஒன்றியத்தில் நடந்த கூட்டமொன்றில் இவற்றை விளக்கியபோது, வார்டு உறுப்பினராகிய அம்மையார் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்த உறவினர் தாம் உபயோகித்த பம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் குறை என்றால் கடிதம் யாருக்குப் போகும்?” என்றார். இந்த விஷயத்தின் உயிர்நாடியைத் தொட்ட கேள்வி அது.

கடிதம் நிறுவனத்தின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே போகும். பம்பு விலை உயர்ந்த பொருள். புதியதை வாங்கச் சாதாரணக் குடும்பத்தால் இயலாது. ஆதலின் கை மாறிய பம்பும், அன்பளிப்பாக வந்த பம்பும் கிராமத்துக்கு வருவதில் வியப்பில்லை. கொடுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார். ஆனால் பம்பு வந்து சேர்ந்த வீட்டுக்கு எச்சரிக்கை வந்து சேர்வதில்லை. அமெரிக்காவில் ஒருவருக்குப் புதிய வளையத்தோடு மாற்றுப் பம்பு கிடைத்திருக்கும். அதே காலத்தில் நம் ஊரில் ஒரு பிள்ளை பழைய வளையமுள்ள பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருக்கும்.

சாதனத்தின் பாதுகாப்பு தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. உபயோகிப்பவரிடமிருந்து புகார் மேலே போக வேண்டும். நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை கீழே வர வேண்டும். இந்த இரு வழித் தபாலில் எந்த வழி அடைபட்டாலும் ஆபத்து நம் வீட்டுக்குத்தான். அவ்வழிகளைத் திறந்து வைப்பது நம் கையில் உள்ளது.

பம்பு அணிந்தவர் வீட்டார் செய்ய வேண்டுவன

1. பம்பின் பெயர், மாதிரி எண், வரிசை எண், வாங்கிய நாள், விற்றவர் விலாசம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குப்பி, குழாய் ஆகியவற்றின் தொகுதி எண்ணையும் மேலுறையோடு, அவை தீரும் வரையில் பாதுகாத்து வையுங்கள்.

2. உங்கள் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். வீடோ எண்ணோ மாறினால் தெரிவியுங்கள். கை மாறிய பம்பாயின், அதன் வரிசை எண்ணைச் சொல்லி, ஏதேனும் அறிவிப்பு நிலுவையில் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். மருத்துவர் பார்த்துச் சரி சொல்லாமல் அதனை அணிய வேண்டாம். முன்னவருக்காக வைத்த அளவுகள் அதில் அப்படியே இருக்கக் கூடும்.

3. பம்பு கீழே விழுந்தால் விரிசல், வளையம், மின்கல மூடி, திரை ஆகியவற்றைப் பாருங்கள். உடைந்ததை ஒட்டி உபயோகிக்காதீர்கள். குழாயை உடலில் மாட்டியபடியே குப்பியைக் கழற்றவோ அழுத்தவோ செய்யாதீர்கள்.

4. நாள்தோறும் பல முறை இரத்தத்தைச் சோதியுங்கள். காரணமின்றிச் சர்க்கரை ஏறியிருந்தால் பம்பையே முதலில் சந்தேகியுங்கள். மருத்துவர் சொல்லியுள்ளபடி ஊசி மூலம் மருந்து செலுத்திக் கொண்டு, குழாயை மாற்றுங்கள்.

5. வெயிலில் வேலை செய்யும்போது பம்பின் மேல் நேர் வெயில் படாமல் ஆடைக்குள் வையுங்கள். கடும் சூட்டில் இன்சுலின் வலிமை இழக்கும். சேமிப்பில் உள்ள இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும்; உறையவிடலாகாது.

6. மாற்று இன்சுலினும் ஊசியும் எப்போதும் கைவசம் இருக்கட்டும். இதில் ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. நம் நாட்டில் மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்தும் 100 யூனிட் உள்ள மருந்தும் வழக்கில் உள்ளன. 40-க்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100-க்குரிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி. பம்பில் உள்ளது 100 யூனிட் மருந்து. அதனைச் சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை எடுத்தால் 25 யூனிட் உடலில் செல்லும். மருந்துப் புட்டியின் எண்ணும் ஊசியின் எண்ணும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்க்காமல் எடுக்கவே கூடாது.

7. பம்பு பழுதாகித் தீங்கு நேர்ந்தால், முதலில் நோயாளியைக் கவனியுங்கள். பின்னர் பம்பையும் குழாயையும் எறிந்துவிடாமல் ஒரு பையில் இட்டு வையுங்கள். நாள், நேரம், நேர்ந்தது ஆகியவற்றை எழுதி, மருத்துவரிடமும் நிறுவனத்திடமும் மேற்சொன்ன தேசிய மையத்திடமும் தெரிவியுங்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பம்பு அணிந்தவர் ஒரு கிராமத்தில் ஒருவர் இருப்பதே அரிது. ஆகவே இது பஞ்சாயத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். இன்சுலின் ஊசி போட்டுக் கொள்பவரும், வீட்டில் சோதனைக் கருவி வைத்திருப்பவரும் பல தெருக்களில் உண்டு. அவர்களுக்கும் இதே முறைதான் காப்பாகும்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளைத் தன்னார்வலர்கள் வீட்டிலேயே சந்தித்து மருந்து கொடுக்கிறார்கள். இன்சுலின் உபயோகிக்கும் ஒவ்வொருவரிடமும் உள்ள சாதனத்தின் பெயரையும் எண்ணையும் அவர் நோட்டில் எழுதி வைக்க இவர்கள் உதவி செய்தால், பெருஞ்செலவின்றி ஒரு பெருங்காரியம் நடந்துவிடும். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதுவதோ கூட்டத்தில் படிப்பதோ கூடாது. நோய் அவரவர் சொந்த விஷயம். அறிவிப்பைப் பொதுவாகப் படிக்கலாம். நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையோ, மாவட்டத்து மருந்து ஆய்வாளரையோ கிராம சபைக் கூட்டத்துக்கு ஒரு முறை அழைத்துப் பேசச் செய்யலாம். ஊர் மருந்துக் கடைக்காரரிடம், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் கடையின் முன்புறத்தில் ஒட்டுமாறு கேட்டுக் கொள்ளலாம். பள்ளித் தலைமை ஆசிரியருக்கு, பம்போ ஊசியோ உபயோகிக்கும் மாணவருக்கு மயக்கம் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லி வைக்கலாம். வகுப்பு நடக்கும்போது பம்பு ஒலி எழுப்பினால் அது விளையாட்டுச் சாமான் என்று எண்ணிப் பிடுங்கி வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் ஓர் உதவியே.

விதை முளைக்காதபோது ‘என் நிலத்தின் குறை’ என்று வாய் மூடியிராமல் அட்டையோடு வேளாண்மை அலுவலரைத் தேடிச் செல்லும் உழவரே, தம் அண்டை அயலாரின் நிலங்களையும் காக்கிறார். உடலில் அணியும் சாதனத்தின் குறையை மறைக்காமல் எழுதித் தெரிவிப்பவரும் அத்தகையவரே. அவர் எழுதும் நான்கு வரி, அவர் காணாத ஊரில் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கலாம். ஆகவே எண்ணைக் குறித்து வைப்போம்; குறையைத் தெரிவிப்போம்; எச்சரிக்கை வந்தால் அது உரிய வீட்டை அடையும் வரையில் ஓயாதிருப்போம்.